வள்ளி யார் வீட்டுப் பெண்?

எங்கள் ஊர்ப் பேரிலேயே கோட்டை இருக்கிறது. வல்லத்திராக்கோட்டை. கோட்டை என்றால் ராஜா இருக்க வேண்டும். நான் சின்னப் பிள்ளையில் பார்த்த ராஜாக்கள் எல்லாம் திருவிழா ராத்திரியில் வந்து, விடிந்ததும் பஸ் ஏறிப் போகிறவர்கள். ஜிகினா உடுப்பு, தோளில் புரளும் டோப்பா, முகத்தில் அப்பிய ரோஸ் பவுடர். நோட்டீசில் 'ராஜபார்ட்' என்று போட்டிருக்கும். அப்பாயி கையைப் பிடித்துக்கொண்டு, சாக்கைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆலங்குடிப் பக்கம், திருவரங்குளம் பக்கம் என்று எத்தனையோ ஊருக்கு நாடகம் பார்க்க நடந்திருக்கிறேன்.

அப்படிப் போன ஊர்களில் ஒன்று. பேர் வேண்டாம். மேடைக்கு நேரே ஊர்த் தெருக்காரர்கள் உட்காருவார்கள். எங்கள் சனத்துக்கு இடம் பக்கவாட்டில், ஆர்மோனியக்காரருக்கு முதுகுப் பக்கம். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். தெரியாமல் நேரே போய் உட்கார்ந்த என்னை ஒருத்தர் சாக்கோடு காலால் தள்ளி, "அந்தப் பக்கம் போடா" என்றார். அப்பாயி வாயைத் திறக்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ராஜாவின் ஒரு கன்னம்தான் தெரியும். ஆனால் நேரே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரிந்தது. படுதாவுக்குப் பின்னால் ராஜா கிரீடத்தைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு பீடி குடிப்பார். வள்ளி, தூங்குகிற கைப்பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள். பபூன் பேசின சம்பளத்தில் பாக்கியைக் கேட்டுக்கொண்டு நிற்பான். நான் இங்கே எழுதப்போவது அந்தப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்த விமர்சனம். நேரே உட்கார்ந்து பார்த்தவர்களின் விமர்சனங்கள் நிறைய வந்துவிட்டன.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருப் பையன்கள் இந்த வருசம் நம்ம தெருவிலேயே தனியாக மேடை போட்டு நாடகம் வைக்கலாம் என்று வசூல் ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் 'வள்ளி திருமணம்' என்றார்கள். பையன்களில் படித்தவர்கள் சிலர், "அதெல்லாம் ராஜா காலத்துக் குப்பை, வேணாம்" என்றார்கள். ரெண்டு பக்கமும் என்னிடம் வந்தது. "அண்ணே, நீங்க சொல்லுங்க. வள்ளி திருமணம் வைக்கலாமா, வேணாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

1

ஸ்பெஷல் நாடகம் என்பது என்ன என்பதை நகரத்து வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இதற்கு நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்று தனித்தனியாகப் பேசித் தருவிப்பார்கள். ஒத்திகை இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். எல்லாருக்கும் கதை தெரியும், பாட்டுத் தெரியும். மிச்சமெல்லாம் அங்கேயே பேசிக்கொள்வது. மதுரையைப் போலவே புதுக்கோட்டையிலும் இதற்கு நடிகர் சங்கம் உண்டு. தேதி குறிப்பது, ஆள் பேசுவது எல்லாம் அங்கேதான்.

இந்த நாடகங்களின் மூலவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர் என்றாலும் புதுக்கோட்டைக்கு அவர்மேல் உரிமை உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவரைப் பிள்ளைபோல் வைத்துப் போற்றினார். சுவாமிகள் எழுதிய நாடகங்களில் பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, வள்ளி திருமணம் ஆகியவை ஒரே வகை. ராஜா உண்டு, காதல் உண்டு, மாறுவேசம் உண்டு, தர்க்கம் உண்டு, கடைசியில் கல்யாணம் உண்டு. யாரும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

இந்த ராஜா கதை மோகம் புதுக்கோட்டைக்கு மேடையோடு நிற்கவில்லை. இதே மண்ணில் பிறந்து நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போன பி.யு. சின்னப்பா 1944இல் 'ஜகதலப்பிரதாபன்' நடித்தார். இந்திரன் மகள் முதலாகத் தேவலோகப் பெண்கள் நாலு பேரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் இளவரசன் கதை. ஒரே காட்சியில் அவரே பாடகர், அவரே பக்கவாத்தியக்காரர்கள் என்று ஐந்து சின்னப்பாக்கள் உட்கார்ந்து கச்சேரி செய்ததைச் சனம் வாயைப் பிளந்து பார்த்தது. அவர் புதுக்கோட்டையில் வீடு மேல் வீடாக வாங்கிக் குவித்ததைப் பார்த்துவிட்டு, இனி அவருக்கு யாரும் வீடு விற்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாகச் சொல்வார்கள். மேடை ராஜாவைப் பார்த்து நிஜ ராஜா பயந்த கதை.

நிஜ ராஜாவுக்கும் திருவிழா உண்டு. நவராத்திரியில் அரிசிப் படியோடு தானமாகக் கொடுக்கவே தொண்டைமான்கள் அம்மன் காசு அடித்தார்கள். அந்தத் தானத்தில் முதல் கை யாருடையது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. ராஜா போனார். ஆனால் ராஜாவின் அறிவிப்பைத் தெருத்தெருவாகத் தட்டிச் சொன்ன வேலை எங்கள் சனத்தின் தோளில் இருந்து இறங்கவில்லை. தண்டோரா போடும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022இல்தான். ராஜா போய் 74 வருசம் கழித்து. ஆகவே 'ராஜா கதையெல்லாம் பழைய கதை, சும்மா சிரிச்சிட்டுப் போகலாம்' என்பது நேரே உட்கார்ந்தவர்களின் வாதம். பறை தூக்கியவனுக்கு அது பழைய கதை இல்லை.

2

வள்ளி திருமணத்தைச் சனம் ஏன் கொண்டாடுகிறது? வள்ளி உழைக்கிற பெண். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் சுற்றிக் கிளி விரட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், தினைமாவு கேட்கிறான், தண்ணி கேட்கிறான். தேவசேனாபதி ஒரு குறத்தியிடம் கையேந்தி நிற்கிறான். அவள் அவனை ஏசுகிறாள், விரட்டுகிறாள். கடைசியில் அண்ணன் விநாயகனை யானையாக வரவழைத்துப் பயமுறுத்தித்தான் அவளைச் சம்மதிக்க வைக்க முடிகிறது. ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு முன்னால் கடவுள் கோமாளியாக நிற்கிற மூணு மணி நேரத் தர்க்கம் வேறு எந்த மேடையில் இருக்கிறது? என் அப்பாயி சிரித்ததை நான் அந்த ராத்திரிகளில்தான் பார்த்திருக்கிறேன். நாளெல்லாம் நாற்று நட்ட பொம்பளைக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது. அந்தச் சிரிப்பை 'பிற்போக்கு' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு ஒரு விலை இருக்கிறது. அது கதையின் ஆரம்பத்திலேயே கட்டப்பட்டுவிடுகிறது.

சங்கப் பாடல்களில் வள்ளி குறவர் மகள். நற்றிணையிலும் பரிபாடலிலும் அவள் அப்படித்தான் வருகிறாள். மான் வயிற்றில் பிறந்த கதை அவற்றில் இல்லை. கச்சியப்பரின் கந்தபுராணத்துக்கு வரும்போது அவள் முற்பிறவியில் திருமாலின் மகள் ஆகிவிடுகிறாள். முனிவர் ஒருவரின் பார்வை பட்டு ஒரு மான் கருவுற்று, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் ஈன்றுவிட்டுப் போகிறது. நம்பிராஜன் குழந்தையைக் கண்டெடுத்து வளர்க்கிறான். வளர்த்தது மட்டும்தான் குறவர். பிறப்பு குறப் பிறப்பு இல்லை. நாடகமும் இதையே எடுத்துக்கொண்டது.

இந்த ஒரு திருத்தத்தில் எவ்வளவு வேலை நடந்துவிடுகிறது பாருங்கள். குறத்தியை முருகன் கட்டிக்கொண்டான் என்று சனம் பெருமைப்படலாம். அதே நேரத்தில் மாமன் மகளைத்தான் மருமகன் கட்டினான் என்று சாத்திரம் நிம்மதியாக மூச்சு விடலாம். சாதி தாண்டிய கல்யாணத்தை மேடையில் நடத்திக் காட்டி, அது நடக்கவே இல்லை என்று பின்கட்டில் எழுதி வைத்துக்கொள்வது. 'கண்டெடுத்த குழந்தை' என்கிற இந்த உத்தி சாதியக் கதையாடலின் பழைய கைவேலை. வள்ளியோடு அது முடியவில்லை.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பனன் முத்துப்பட்டன் சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டி, செருப்புத் தைத்து, மாட்டைக் காக்கப் போய்ச் செத்தவன். நெல்லைப் பக்கம் வில்லுப்பாட்டில் பாடிய கதை. பிறகு வந்த வடிவங்களில் அந்தப் பெண்கள் பார்ப்பனக் குழந்தைகள் என்றும், பகடை அவர்களைக் காட்டில் கண்டெடுத்து வளர்த்தான் என்றும் மாறிவிட்டதை நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். மதுரைவீரனுக்கும் இதுவே நடந்தது. சக்கிலியர் குலசாமி ராஜா வீட்டில் பிறந்து, ஆகாதென்று காட்டில் போடப்பட்டு, சக்கிலியர் எடுத்து வளர்த்த பிள்ளையானான். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் அந்த வழியில்தான் போனது. நம்ம சனத்தில் அழகு பிறந்தால், வீரம் பிறந்தால், அது எங்கிருந்தோ தவறி வந்து விழுந்ததாக இருக்க வேண்டும். சேரியில் எதையும் கண்டெடுக்கத்தான் முடியும், பெற்றெடுக்க முடியாது என்பது இந்தக் கதைகளின் சாராம்சம்.

3

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கதை சிரிப்பில் முடிகிறது, எந்தக் கதை கழுமரத்தில் முடிகிறது?

வள்ளி கதையில் ஆண் மேலே, பெண் கீழே. அது சிரிப்பு நாடகம். காத்தவராயன் கதையில் ஆண் கீழே, ஆரியமாலா பார்ப்பனப் பெண். அவன் கழுவேறுகிறான். மதுரைவீரன் பொம்மியைத் தூக்கிப் போகிறான், வெள்ளையம்மாளை விரும்புகிறான். அவனுக்கு மாறுகால் மாறுகை. மாறுவேசம் எல்லாக் கதையிலும் உண்டு. காத்தவராயனும் வேசம் மாறிப் போகிறவன்தான். முருகன் வேசம் மாறினால் லீலை. காத்தவராயன் வேசம் மாறினால் களவு. ஆக, ஒரு கதை இன்பியலா துன்பியலா என்பதை எழுதுகிறவனின் கற்பனை முடிவு செய்யவில்லை. மனு முடிவு செய்திருக்கிறான். மேலே இருக்கும் ஆண் கீழே கை நீட்டினால் அனுலோமம், சிரிக்கலாம். கீழே இருக்கும் ஆண் மேலே பார்த்தால் பிரதிலோமம், கொல்லலாம். நம் இலக்கிய வகைமைகளுக்குள் சாதி இவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது. கல்லூரியில் நமக்கு இன்பியல், துன்பியல் என்று வகுப்பெடுத்தவர்கள் இதைச் சொல்லித் தரவில்லை.

புராணத்தில் இன்னொரு காட்சி உண்டு. பெண்ணைத் தேடி நம்பிராஜனும் அவன் ஆட்களும் வருகிறார்கள். முருகன் முதலில் வேங்கை மரமாகி நின்று ஏமாற்றுகிறான். பிறகு கூட்டிக்கொண்டு போகும்போது அவர்கள் அம்பு விட, சேவல் கூவி அத்தனை பேரும் செத்து விழுகிறார்கள். நாரதர் சொன்ன பிறகு வள்ளி அவர்களை எழுப்புகிறாள். நான் பார்த்த ராத்திரிகளில் இதற்கெல்லாம் நேரமிருக்காது. கிழக்கு வெளுக்கும், மாலையை மாற்றி மங்களம் பாடிவிடுவார்கள். ஆனால் கதைக்குள் அது இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் எதிர்த்தால் அவர்கள் சாவார்கள், மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஏனென்றால் மாப்பிள்ளை மேலே இருப்பவன்.

இனி நாட்டு நடப்புக்கு வருவோம். 2003 ஜூலை. விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. கண்ணகி, முருகேசன். அவள் வன்னியர், அவன் தலித், பொறியியல் படித்தவன். பதிவுத் திருமணம் செய்துகொண்ட அந்த இருவருக்கும் ஊர் பார்க்க விசம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தண்டனை சொன்னது 2021இல், 18 வருசம் கழித்து. 2025இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை உறுதி செய்தது. முருகன் பேரை வைத்துக்கொண்ட பையனுக்கு எந்தச் சேவலும் கூவவில்லை. செத்தவர்களை எழுப்ப எந்த நாரதரும் வரவில்லை. உடுமலைப்பேட்டையில் சங்கரை 2016இல் நடுச்சாலையில் வெட்டினார்கள், காமிரா பார்த்துக்கொண்டிருந்தது. சாதி ஒழிய அகமணம் உடைய வேண்டும் என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். வருசா வருசம் வள்ளி திருமணம் பார்த்துக் கைதட்டுகிற அதே ஊர்கள்தான் அரிவாளும் எடுக்கின்றன. இது முரண்பாடு இல்லை. அந்த நாடகம் சாதி தாண்டிய கல்யாணத்தைக் காட்டவே இல்லை என்பது அந்தப் பார்வையாளர்களுக்குத் தெரியும். மான் வயிற்றில் பிறந்தவள் என்று முதல் காட்சியிலேயே சொல்லியாயிற்று.

4

மேடைக் குறத்தி ஆடிப்பாடிய அதே காலத்தில் நிஜக் குறவர்கள் எப்படி இருந்தார்கள் என்று எந்த நாடக வரலாறாவது ஒரு வரி எழுதியிருக்கிறதா? 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் சென்னை மாகாணத்தில் குறவர்கள் பதிவு செய்யப்பட்டார்கள். கைரேகை வைத்து, போலீசில் தலைகாட்டி, ராத்திரி வெளியே போக அனுமதி கேட்டு வாழ்ந்தார்கள். 1947இல்தான் அந்தச் சட்டம் இங்கே நீங்கியது. சுவாமிகளின் சபைகள் ஊர் ஊராக நடந்ததும் அதே 1910களில்தான். டிக்கெட் வாங்கி மேடைக் குறத்தியைக் கொண்டாடிய சனம், கொட்டகைக்கு வெளியே நின்ற குறத்தியைக் கள்ளி என்றது.

ராத்திரி முழுவதும் புனங்காத்த குறமகளுக்கு ஒரு பக்கம் தெய்வப் பட்டம். இன்னொரு பக்கம் 'குறவன் குறத்தி ஆட்டம்' என்ற பேரில் அதே பெண்ணை அரைகுறை உடையில் ஆடவிட்டு விசில் அடித்தார்கள். அந்த ஆட்டத்துக்கும் குறவர் வாழ்க்கைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சமூகத்தினர் போராடி, நீதிமன்றம் போய், 2023இல்தான் தமிழக அரசு நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. ஒரு சனத்தைப் பூசிக்கவும் இழிவு செய்யவும் ஒரே மேடை போதுமாக இருந்திருக்கிறது.

அந்த மேடையில் நின்ற கலைஞர்களின் கதை இதைவிடக் கொடுமை. விசுவநாததாஸ் (1886-1940) பேரை நம் பையன்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சிவகாசியில் பிறந்தவர். முடிதிருத்தும் சமூகம். வள்ளி திருமணத்தின் நடுவே வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாட்டுப் பாடி, மேடையிலிருந்து நேரே ஜெயிலுக்குப் போனவர். எத்தனை தடவை என்று கணக்கில்லை. அப்பேர்ப்பட்ட ராஜபார்ட்டுக்கு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று அவர் சாதியைச் சொல்லி மறுத்த நடிகைகள் இருந்தார்கள். கடவுள் குறத்தியைத் தேடி வந்தான் என்று பாடும் நாடகத்தில், கடவுளாக வருகிறவன் அம்பட்டன் என்று ஒதுங்குகிறார்கள். 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னையில், முருகனாக மயில்மேல் உட்கார்ந்தபடியே பாடிக்கொண்டிருந்த அவர் உயிர் பிரிந்தது. தமிழ் நாடக மேடையின் உண்மையான துன்பியல் அந்த ராத்திரி அரங்கேறியது. அதை யாரும் எழுதி நடிக்கவில்லை.

பெண்களுக்கு இன்னும் மோசம். சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்த ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பல காலம் இருந்து 2005இல் ஒரு பெரிய நூல் எழுதினார். நடிகை என்றால் ஒழுக்கம் கெட்டவள் என்கிற முத்திரையைச் சுமந்துகொண்டு இந்தப் பெண்கள் எப்படிப் பஸ் ஏறுகிறார்கள், எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பபூனும் டான்சும் ஆடுகிற முதல் காட்சியின் சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்பதும் இருக்கிறது. பபூன் நம்ம ஆள் மாதிரி பேசுவான். ராஜா சுத்தத் தமிழில் பாட, பபூன் நம்ம பேச்சில் அதைக் கவிழ்ப்பான். விழாக் கமிட்டியைக் கிண்டல் பண்ணுவான், மைக் செட்டுக்காரனைக் கிண்டல் பண்ணுவான். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்பலத்தை அவன் தொடுவது போல் போய்த் தொடாமல் திரும்பிவிடுவான். திரும்பி வந்து டான்ஸ் பெண்ணின் இடுப்பைத் தொடுவான், கறுப்பு நிறத்தைத் தொடுவான், பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் எங்களைத் தொடுவான். கலகம் மேலே ஏறப் பார்த்து, சம்பளத்தை நினைத்துக் கீழே இறங்கிவிடுகிறது. நாங்களும் சிரித்தோம். எங்களைப் பார்த்து அடித்த ஜோக்குக்கு நாங்களே சிரித்ததுதான் இன்றைக்கு நினைத்தால் நெஞ்சை அறுக்கிறது.

5

அப்படியானால் வேண்டாம் என்றுதானே சொல்ல வேண்டும்? அங்கேதான் நான் நிற்கிறேன்.

சில வருசத்துக்கு முன்னால் இதே சுற்றுவட்டாரத்தில் ஒரு நாடகம். வள்ளியாக வந்த அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நாரதர் வழக்கம்போல், "பெண்ணே, நீ குறவர் குலத்தில் வளர்ந்தாலும் உன் பிறப்பு..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மா மைக்கைப் பிடித்து, "சாமி, நிறுத்துங்க. நான் மானுக்கும் பொறக்கல, மயிலுக்கும் பொறக்கல. எங்க ஆத்தா பத்து மாசம் சுமந்து பெத்தா. எங்க அப்பன் நம்பிராஜன். அப்படியே கட்டிக்கிறதுன்னா உங்க முருகனை வரச் சொல்லுங்க. இல்லாட்டி மலையேறச் சொல்லுங்க" என்றாள். நாரதருக்கு ஒரு நிமிசம் பேச்சு வரவில்லை. ஆர்மோனியக்காரர் சிரித்துவிட்டார். நேரே உட்கார்ந்திருந்த கூட்டம் கம்மென்று இருந்தது. பக்கவாட்டில் இருந்து ஒரு கிழவி, "அப்படிச் சொல்லுடி என் தங்கம்!" என்று கத்தினாள். அந்தக் குரல் என் அப்பாயி குரல் மாதிரியே இருந்தது. அப்பாயி செத்து ரொம்ப வருசமாகிவிட்டது.

அந்த அம்மா எந்தத் தலித் இலக்கியக் கூட்டத்துக்கும் வந்தவர் இல்லை. கட்டுடைத்தல் என்ற சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் ஆயிரம் வருசப் பொய்யை நாலு வாக்கியத்தில் உடைத்துப் போட்டார். இது எப்படி முடிந்தது? ஸ்பெஷல் நாடகத்தில் வசனம் எழுதி வைத்ததில்லை. சுவாமிகள் பாட்டைக் கட்டினார், பேச்சைக் கட்ட முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் விசுவநாததாஸ் வெள்ளையனைக் கொக்காக்கினார். அந்த இடைவெளியில்தான் இந்த அம்மா மானைத் துரத்தினார். ஒத்திகை இல்லாத நாடகத்தில் ஒடுக்கப்பட்டவருக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. சினிமாவில் இது கிடையாது. அதில் ஒருமுறை எழுதிவிட்டால் எழுதியதுதான்.

நாம் புதிதாகவும் எழுத வேண்டும். கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' எழுதிச் சேரிச் சனத்தின் துயரத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த வழி தேவை. ஆனால் அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி வளாகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். சாக்கு விரித்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிற சனம் வேறு. அந்தச் சனத்தின் சிரிப்பை ஆதிக்கச் சாதிகளிடம் விட்டுக்கொடுத்துவிட்டு நாம் அழுகையை மட்டும் எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? நமக்கு எப்போதும் கழுமரம்தானா? சிரித்து முடிகிற ஒரு கதை நமக்கு வேண்டாமா? நம்ம பையன் விரும்பிய பெண்ணைக் கட்டி, விடியக் காலையில் மாலை மாற்றி, உயிரோடு வீட்டுக்கு வருகிற நாடகம் எப்போது வரும்?

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறேன். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் எங்கள் சனம் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் அங்கே இரட்டைக் குவளையையும் பார்த்தார். இறையூர் அய்யனார் கோயிலுக்குள் எங்கள் சனம் போக முடியாததையும் பார்த்து, அவரே கூட்டிக்கொண்டு உள்ளே போனார். வழக்கு போன திசையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. வேங்கை என்ற பேரைக் கேட்டால் எனக்குப் புனத்து நடுவே முருகன் நின்ற மரம்தான் ஞாபகம் வரும். இப்போது தொட்டிதான் வருகிறது. கோயில் வாசலே திறக்காத ஊரில் கோயில் நாடகம் மட்டும் எல்லாருக்கும் பொது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே தம்பிகளே, என் பதில் இது. வள்ளி திருமணம் வையுங்கள். நம்ம தெருவில், நம்ம செலவில் வையுங்கள். ஆள் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: மான் கதை வேண்டாம், வள்ளி குறத்தியாகவே பிறக்கட்டும். பபூனுக்குச் சொல்லுங்கள், டான்ஸ் பெண்ணையும் கறுப்பையும் விட்டுவிட்டு யாரை வேண்டுமானாலும் கிண்டல் பண்ணட்டும், நம்மையும் சேர்த்து. வருகிற நடிகைகளுக்கு உடுப்பு மாற்ற மறைவான இடம், கக்கூஸ், குழந்தையைத் தூங்க வைக்க ஒரு கட்டில் தயார் பண்ணுங்கள். பேசின பணத்தை மங்களம் பாடுவதற்கு முன்னால் கையில் கொடுங்கள்.

இன்னொன்று. ஊர்த் தெருவிலிருந்தும் நாடகம் பார்க்க வருவார்கள். கட்டாயம் வருவார்கள், வள்ளி திருமணத்தை யாரும் விட மாட்டார்கள். வந்தால் "அந்தப் பக்கம் போ" என்று மட்டும் யாரையும் சொல்லிவிடாதீர்கள். மேடைக்கு நேரே இடம் இருக்கும் வரை நேரே உட்காரட்டும். முதல் வரிசையில் மட்டும் நம்ம தெருக் கிழவிகள் சாக்கை விரிக்கட்டும். அவர்கள் இதுவரை ராஜாவின் ஒரு கன்னத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.